சேதம்: இல்லை

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் ஆரம்பித்தது. 'வெள்ளத்தால் ஏற்பட்ட சேதம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அந்த ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. எழுதியவள் நகராட்சிப் பொறியாளர் என்று வைத்துக்கொண்டேன்.

தொடக்கம்: வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு... (வேண்டாம். வெள்ளக் கதை எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கிறது.)

2

பொறியாளரின் மேசையில் இருபது தெருக்களின் படிவங்கள். தடுப்புச்சுவர் கட்ட வந்த நிதி ஆறு தெருவுக்குத்தான் போதும். அதிகம் இழந்த தெருவுக்கே முதலிடம் என்பது விதி. ஆற்றோரத் தெருவில் ஆண்டுதோறும் இடுப்பளவு தண்ணீர், ஆனால் இழப்பு ஒன்றுமில்லை. காரணம் பொறியாளரேதான். எச்சரிக்கை மணி அடித்த அரை மணி நேரத்தில் அத்தனையையும் மாடிக்கு ஏற்ற அந்தத் தெருவைப் பழக்கியவள் அவள். ஃப்ரிட்ஜ், தையல் மெஷின், அங்கேயே குடியிருக்கும் அவள் அக்காவின் படுத்த படுக்கையான மாமியார் வரை.

(அக்காவை அங்கே குடிவைத்தது நான். மலிவான தந்திரம்தான். சொந்தம் இல்லாவிட்டால் அதிகாரிக்கு உறைக்காது என்று நினைத்தேன். பொறியாளருக்கோ அக்கா வருமுன்பே உறைத்துவிட்டது.)

3

அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"நீ சொன்னதைத்தானேடி செஞ்சோம்? இப்ப எங்க தெருவுக்குச் சுவர் இல்லேங்கிற."

"விதி அப்படிக்கா. மேல எழுதிப் பார்த்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டாங்க."

"தூக்கித் தூக்கி உங்க அத்தானுக்கு இடுப்பே போச்சு. அது சேதத்துல வராதா?"

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"அப்ப இனிமே எதையும் தூக்கலை. நனையட்டும். அதுதானே உங்களுக்கு வேணும்?"

பொறியாளர் ஏற்கெனவே அடுக்கியிருந்த படிவங்களை மறுபடி அடுக்கினாள்.

4

முடிவு ஒன்று: 'இல்லை'யை அடித்துவிட்டுப் பொய்ச் சேதம் எழுதுகிறாள். சுவர் வருகிறது. வேறொரு தெரு பட்டியலிலிருந்து விழுகிறது. அங்கே... (அந்தத் தெருவை நான் எழுதவே இல்லை. வசதியாக மறந்திருக்கிறேன்.)

முடிவு இரண்டு: உள்ளதை உள்ளபடி அனுப்பிவிட்டு நிம்மதியாக அவள்... (நிம்மதியாவது!)

5

இரண்டையும் கிழித்துப் போட்டேன். அதற்குள் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. படிவம் அனுப்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்று நனைவதும் சேதத்தில் சேரும்.

போனில் அக்கா. "அத்தையை மட்டும் மாடிக்குத் தூக்கியாச்சு. மத்ததெல்லாம் கீழேதான் இருக்கு. தெருவே என் வாயைப் பார்த்துட்டு நிக்குது. தூக்கவா, விடவா? சொல்லுடி."

தண்ணீர் வர அரை மணி நேரம். பொறியாளர் வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதை நான் எழுதமாட்டேன், என் வீடு மேட்டில் இருக்கிறது. உங்கள் வீடு எங்கே? சீக்கிரம் சொல்லுங்கள், அக்கா போனை வைக்கவில்லை.