ஜக்கையன் மெஷினுக்குள் இருந்த நாள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரிகளுக்குத் துணிப்பை அச்சடித்துக் கொடுப்பவர் காசிமாயன். முன்பு ஏலக்காய் சலித்துத் தரம் பிரித்த ஒரு கொட்டகைதான் அவருடைய பட்டறை. போன தை மாதம் திருப்பூரிலிருந்து பழைய ஆட்டோமேட்டிக் ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எட்டுக் கைகள் விரித்த ராட்டினம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு பலகை. பலகையில் பையை விரித்துவிட்டால் அது சுற்றிப் போய், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் கீழே நின்று ஒவ்வொரு நிறமாக வாங்கிக்கொண்டு வரும். சுற்றும்போது நடுவில் கையை விட்டால் கை போகும். ஆளே விழுந்தால் ஆள் போகும்.

மெஷினோடு பாண்டியம்மாளும் வந்து சேர்ந்தார். போடிக்காரர்தான், பதினோரு வருடம் திருப்பூரில் இதே மாதிரி மெஷினை ஓட்டியவர். அங்கே என்னென்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. முதல் நாளே மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டார். முந்தானையைச் செருகச் சொன்னார், வளையலைக் கழற்றச் சொன்னார், கழுத்துத் துண்டை வாசலிலேயே பறித்துக்கொண்டார். பிறகு ஒரு பூட்டும் நாலு அட்டையும் வாங்கி வரச் சொன்னார்.

"கோட்டைத் தாண்டி யாரு உள்ள போனாலும் மெயின் சுவிட்ச அணைக்கணும். மெஷின ஓட்டுறதுக்குப் பைப்புல நிக்கிற காத்த எறக்கிவிடணும். சுவிட்சுல பூட்டைப் போட்டு, பேரெழுதி அட்டையத் தொங்கவிடணும். சாவி உள்ள போறவன் சட்டைப் பையில இருக்கணும், வெளிய வந்து அவனே தொறக்கணும். சாவி எவன் பையில இருக்கோ அவன் உள்ள இருக்கான். அம்புட்டுத்தான்."

"மாத்துச் சாவி?" என்று கேட்டார் காசிமாயன்.

"கெணத்துல போட்டுட்டேண்ணே."

உண்மையாகவே போட்டிருந்தார்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை ஒரு வியாபாரியின் கடைத்திறப்பு. அதற்குள் இரண்டாயிரம் பை போயாக வேண்டும். பத்தரை மணிக்கு மெஷினில் ஒரு பலகை ஆட்டம் கொடுத்தது. அங்கே வேலை பார்க்கும் ஜக்கையன் சுவிட்சை அணைத்து, காற்றை இறக்கி, பூட்டைப் போட்டு, அட்டையில் தன் பெயரை எழுதித் தொங்கவிட்டு உள்ளே போனான். போல்ட்டை முறுக்கிவிட்டு அவன் வெளியே வரவும் வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்தது. அந்த வியாபாரி மலை மேலே கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டில் இருந்தார். பூசையில் வைக்க ஒரு பை உடனே வேண்டும் என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"வெரசா போய்க் குடுத்துட்டு வா. ஜீப்பு நிக்காது" என்று காசிமாயன்தான் அவனை ஏற்றிவிட்டார்.

ஸ்கிரீன் கழுவிவிட்டு வந்த பாண்டியம்மாள் சுவிட்சைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. அட்டையில் 'உள்ளே ஆள் இருக்கிறார். பெயர்: ஜக்கையன்' என்றிருந்தது.

போன் போட்டார்கள். "ஆமாண்ணே, சாவி எம் பையிலதான் இருக்கு" என்றான் ஜக்கையன். அவன் பேச்சோடு ஜீப்பு முக்கி ஏறும் சத்தமும் கேட்டது. அடுத்த வளைவில் லைன் போய்விட்டது. அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் கேரளத்து டவரிலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பூட்டை அறுத்துருவமா?" என்றார் காசிமாயன்.

"உள்ள ஆள் இருக்கே அண்ணே" என்றார் பாண்டியம்மாள்.

"எங்க இருக்கான்? நாமதான அனுப்புனோம்."

"நீங்க அனுப்புனீங்க. பூட்டைத் தொறக்காம போன ஆளு எனக்கு இன்னும் உள்ளதான் இருக்காரு."

காசிமாயன் வெயிலில் போய் நின்றார்.

மதியம் ஜக்கையனின் மனைவி சுந்தரம்மாள் சோற்று வாளியோடு வந்தாள். வழக்கமாக அவன் உட்காரும் இடத்தில் ஆள் இல்லை. எங்கே என்று கேட்டாள்.

"உள்ள இருக்காரு" என்றார் பாண்டியம்மாள்.

"எதுக்குள்ள?"

"மெஷினுக்குள்ள. அந்தா, பேரு போட்டிருக்கு பாரு."

சுந்தரம்மாள் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். புருஷன் கையெழுத்தேதான். "காலையில இருந்தா?"

"பத்தரையில இருந்து. போடிமெட்டுக்கும் போயிருக்காரு. ஆனா கணக்குக்கு உள்ளதான்."

பாதிதான் அவள் காதில் ஏறியது. செல்லை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். மலையாளத்துப் பெண் பேசினாள். சுந்தரம்மாளின் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, உள்ள அவரு கூட ஒரு பொம்பளையும் இருக்கா."

சோற்று வாளியை மஞ்சள் கோட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சிலமலையில் இருக்கும் அண்ணன் மொக்கச்சாமிக்குப் போன் போட்டாள். தங்கச்சி அழுதால் பொறுக்காத மனிதர் அவர். தோட்டத்தில் மோட்டாரை ஓடவிட்டபடியே, கடப்பாரையோடு பைக்கில் கிளம்பிவிட்டார். அவர் வருவதற்குள் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பட்டறை வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவர் குனிந்து, "ஜக்கையா, மூச்சு விட முடியுதா?" என்று மெஷினைப் பார்த்துக் கேட்டார். பதில் வராததால் உச்சுக் கொட்டினார்.

"அவன் போடிமெட்டுல பரோட்டா தின்னுக்கிட்டு இருப்பான்யா" என்று காசிமாயன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. ஓனர் அப்படித்தான் சொல்வார் என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

அதில்தான் அவருக்குச் சூடேறியது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் ரம்பத்தை வாங்கிக்கொண்டு வந்து பூட்டை அறுக்க ஆரம்பித்தார். பாண்டியம்மாள் தடுத்தார், கேட்கவில்லை. கால் மணி நேரம் கீச்சுகீச்சென்று கொட்டகை முழுக்கச் சத்தம். எல்லோர் கண்ணும் அந்தப் பூட்டின் மேலேயே இருந்தது. பூட்டு அறுந்து விழுந்தது. காசிமாயன் சுவிட்சில் கை வைத்தார்.

பாண்டியம்மாள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, வேணாம். உள்ள ஆள் இருக்கு."

"ஒரு ஆளும் இல்ல. கையை விடு, ஆத்தா."

அப்போது மெஷினின் அடியிலிருந்து, நல்ல கட்டைக் குரலில் ஒருவர் பேசினார்.

"மாப்ள இங்க இல்லையே. ஒரு டார்ச்சு இருந்தாக் கொண்டாங்கப்பா."

மொக்கச்சாமி பின்வாசல் வழியாக வந்து, யாரையும் கேட்காமல் பலகைகளுக்கு அடியில் ஊர்ந்து போய், நடுத்தண்டைக் கட்டிப் பிடித்தபடி மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய தலை மெஷினின் இரண்டு கைகளுக்கு நடுவே இருந்தது.

காசிமாயன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். துணிப்பைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

மொக்கச்சாமி வெளியே வரப் பார்த்தார். "ஆடாம இருங்க" என்றார் பாண்டியம்மாள். தன் சைக்கிள் பூட்டைக் கழற்றி வந்து சுவிட்சில் மாட்டி, புது அட்டையில் மொக்கச்சாமி என்று எழுதித் தொங்கவிட்டு, சாவியைத் தரையோடு தரையாக அவரிடம் தள்ளிவிட்டார்.

"இதைப் பையில போடுங்க."

"நான்தான் வெளிய வர்றேனே."

"முதல்ல முறையா உள்ள இருங்க. அப்புறம் வாங்க."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார், ஊர்ந்து வெளியே வந்தார், பூட்டைத் திறந்தார். முதுகு முழுக்கப் பச்சை மை. தங்கச்சியைப் பார்த்து, "அங்க பொம்பள யாரும் இல்ல ஆத்தா. நல்லாப் பாத்துட்டேன்" என்றார்.

மூன்றரை மணிக்கு ஜக்கையன் வந்து இறங்கினான். மலைப்பாதையில் ஒரு லோடு லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினான். உனக்குத்தான் என்றார்கள். சுந்தரம்மாள் அவன் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள்.

பாண்டியம்மாள் அவனை உட்கார விடவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போய், திரும்பி வந்து, தன் பெயர் போட்ட அட்டையைத் தானே கழற்றச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க ஜக்கையன் போனான், வந்தான், கழற்றினான். டீக்கடைக்காரர்கள் நிம்மதியாகக் கலைந்தார்கள்.

"ஓட்டலாமாண்ணே?" என்று கேட்டார் பாண்டியம்மாள்.

"எல்லாரையும் எண்ணு" என்றார் காசிமாயன். எண்ணினார்கள். மறுபடியும் எண்ணச் சொன்னார். குனிந்து பலகைகளுக்கு அடியில் தானே டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் சுவிட்சைப் போட அவருக்குக் கை வரவில்லை. பாண்டியம்மாள்தான் போட்டார். மெஷின் ஒருமுறை பெருமூச்சு விட்டு, முதல் பையைச் சுற்றிக் கொண்டுபோனது.