ஜெரி அழிக்காமல் விட்ட வரி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தலையில் வந்து விழுந்தது. லாவ் பெர்தா அணை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெரி தாரிகன் எனக்கு எதிர் மேசைக்காரர். போன திங்கட்கிழமை லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஒரே ஒரு வரியைக் காட்டினார். ஏதோ கேட்கவும் செய்தார். நான் எழுந்து கேண்டீனுக்குப் போய்விட்டேன். அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைமேல் மேகங்கள் திரண்டிருந்த ஒரு

சீ. ஆறு பேர் செத்த கதைக்கு மேகம் எதற்கு?

அடுத்த தொடக்கம்: "நல்சால் செம்பிரிங் தூங்கவில்லை." இது உண்மை. ஆனால் இதை நான் சொல்லி என்ன பயன்? சொல்ல வேண்டியவர் வேறு ஆள்.

2

நடந்தது இதுதான். மதகைத் திறக்குமுன் அணையிலிருக்கும் கம்ப்யூட்டர், ஒரு சர்வர் வழியாக, ஆற்றங்கரை அபாயச் சங்கு நிலையத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கே சிவப்பு விளக்கு எரியும். காவலர் நல்சால் சங்கை ஊதவிடுவார். ஆற்றில் இருப்பவர்கள் அடித்துப் பிடித்துக் கரையேறுவார்கள்.

அந்த ஞாயிறு, சர்ச் முடிந்து ஜனங்கள் ஆற்றில் இறங்கியிருந்த மத்தியானம், மதகு திறந்தது. சங்கு ஊதவில்லை. ஆறு பேர் போனார்கள். அதில் ஒருவன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த நல்சாலின் மகன்.

அணைக் கம்ப்யூட்டரின் பதிவில் "அனுப்பப்பட்டது, பெறப்பட்டது" என்று இருந்தது. அப்புறம் என்ன விசாரணை? காவலர் தூங்கிவிட்டார் என்று பிடித்துப் போட்டார்கள். மகனின் அடக்கத்துக்கு அவரை விலங்கோடு கூட்டிவந்தார்கள். ஒரு பிடி மண் போட, ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஆறு பேரும் இதில்தான் செத்தார்கள்.)

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை அடைய அதன் பெயர் மட்டும் போதாது, எண் முகவரி வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பெயர் சர்வர் இருக்கிறது. அது படுத்துவிட்டால், அவசரத்துக்கு, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு ஃபைலில் பெயரையும் முகவரியையும் கையால் எழுதிவைக்கலாம். கம்ப்யூட்டர் முதலில் அதைத்தான் பார்க்கும். அதில் கிடைத்துவிட்டால் பெயர் சர்வரைக் கேட்கவே கேட்காது.

இரண்டு வருடத்துக்கு முன் பெயர் சர்வர் படுத்த ஒரு நாளில் ஜெரி அப்படி ஒரு வரி எழுதினார். அதன் தலைமேல் ஒரு குறிப்பும் போட்டார்: "தற்காலிகம். நாளை அழிக்கணும். ஜெ.தா." மறுநாள் நினைவாக அழிக்கத்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், "ஓடுறத எதுக்கு பாங் நோண்டுறீங்க? விடுங்க" என்றார். (பாங் என்றால் இங்கே அண்ணன்.) விட்டுவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் சங்குச் செய்தி போகும் சர்வரைப் புது இயந்திரத்துக்கு மாற்றினார்கள். ஜெரி பெயர் சர்வரில் புது முகவரியைப் பதிந்தார். அதோடு நிற்காமல் அணைக்கே போய், அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பெயரைத் தேடிப்பார்க்கும் கட்டளையைத் தட்டினார். புது முகவரி வந்தது. வரத்தான் செய்யும். அந்தக் கட்டளை கையால் எழுதிய ஃபைலை எட்டிக்கூடப் பார்க்காது, நேரே பெயர் சர்வரைத்தான் கேட்கும். பழம் தின்று கொட்டை போட்டவர்களும் சறுக்குகிற இடம் இது. நிம்மதியாகக் காப்பி குடித்துவிட்டு இறங்கி வந்தார்.

செய்தி அனுப்பும் நிரலோ ஃபைலைப் பார்த்தது, பழைய முகவரிக்கே அனுப்பியது. பழைய இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் தைரியம் வராமல் சாமான் அறையில் ஓடவிட்டிருந்தார்கள். அது ஒழுங்காக "பெறப்பட்டது" என்று பதில் சொன்னது. சங்கு நிலையத்தின் இணைப்போ புது இயந்திரத்துக்குப் போயிருந்தது, அதனால் அங்கே விளக்கு எரியவே இல்லை.*

* மாதாமாதம் ஒத்திகை உண்டே என்பீர்கள். உண்டு. நல்சால் கையால் சங்கை ஊதிக் காட்டுவார், ஆபீசர் கையெழுத்துப் போடுவார். விளக்கு எரிகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. மழையில்லாத மாதங்கள், மதகும் திறக்கவில்லை.

4

ஜெரியை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "அவர் மனைவிக்குத் தீராத நோய், வேலை போனால்

பொய். அந்த அம்மாள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், சர்ச்சில் பாடுகிறார். சரி, கெட்டவராக்கிப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. தன் டப்பாவிலிருந்து, மஞ்சள் மசாலாவில் வேகவைத்த அர்சிக் மீனின் தலையை ஐந்து வருடமாக என் தட்டில் தள்ளுகிற மனிதர் அவர். பயந்திருக்கிறார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நல்சாலின் மனைவி ரெஹுலினா வந்தார். மிஷின் சொன்னதால்தான் கணவரை உள்ளே வைத்திருக்கிறோம் என்று போலீஸில் சொல்லியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"நாக், மகனே, நீதான் கம்ப்யூட்டர்காரனாமே. வெளக்கு எரிஞ்சுதுன்னு உன் மிஷின் சொல்லுதாம். நெசமா?"

"பதிவுல அப்படித்தான் இருக்கு இபு," என்றார் ஜெரி, அம்மா என்கிற மரியாதையோடு.

"மகன் அவருக்குக் கை காட்டிட்டுத்தான் ஆத்துக்கு எறங்கியிருக்கான். வெளக்கு எரிஞ்சிருந்தா ஊதாம இருப்பாரா? பெத்தவரு இல்லியா?"

ஜெரி விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் அதக் கேட்டுப் பாரேன் நாக்," என்றார் அந்த அம்மாள். "நம்மள மாதிரிதான, அதுவும் மறந்துபோயிருக்கும்."

5

வியாழன் காலை பத்து மணிக்கு மாகாணத் தலைநகர் மேடானிலிருந்து விசாரணைக்காரர்கள் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை இருந்தபடி நகலெடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு முன் கதைக்கு ஒரு முடிவு வேண்டும்.

முடிவு அ: ஜெரி வரியை அழிக்கிறார். பெயர் சர்வர் சரி, பதிவு சரி, எல்லாம் சரி. நல்சால் சிறைக்குப் போகிறார். மத்தியானம் மீன்தலை என் தட்டுக்கு வருகிறது. [இதை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பயமாக இருக்கிறது.]

முடிவு ஆ: ஜெரி வரியைக் காட்டுகிறார். "இரண்டு வருடமாக ஏன் அழிக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். ஜெரி வாயைத் திறந்து, "அன்னைக்கு என் பக்கத்துல இருந்த

இங்கேதான் மூன்று தடவையும் பேனாவை வைத்துவிட்டேன்.

6

அந்த ஒருவர் நான்தான். அருள்தாஸ், நீர்மட்டப் பதிவுப் பிரிவு. முதல் வரைவில் என் பெயர் இருந்தது. இரண்டாவதில் "ஒருவர்" ஆனேன். மூன்றாவதில் அந்த வாக்கியத்தையே எடுத்துப் பார்த்தேன். கதை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எடுத்ததை மறுபடி எழுதினேன், ஆனால் "ஒருவர்" என்றே.

திங்கட்கிழமை ஜெரி கேட்டது இதுதான்: "நீ அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா அருள்?"

இன்று வியாழன். மணி ஒன்பது நாற்பது. ஜெரியின் திரையில் அந்த ஃபைல் திறந்திருக்கிறது. வெளியே பெஞ்சில் ரெஹுலினா, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜெரி திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்க்கிறார். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் நான் சொன்னால் கேட்பார்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அதில் இல்லை, உங்களுக்குச் சுலபம். என்னால் முடிந்தது இவ்வளவுதான்:

"பாங்," என்றேன். "அந்த வரிய