எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர்

பாலேஸ்வரி நீட்டிய தேத்தண்ணியை வாங்காமல் கமலாம்பிகை கதிரையை விட்டு எழும்பிப் போய், யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மத்தியானம் புருசனைத் தகனத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் இப்படிச் செய்தால் மோர்னிங்சைட் சனம் சும்மா இருக்குமா? ‘அவ இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை’ என்ற செய்தி ஏற்கெனவே பக்கத்து ஊரான மார்க்கம் வரை போய்விட்டது. அனுப்பியது யாரென்று பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியைக் கேட்டால் தெரியும்.

“இவ்வளவு நாளும் நல்ல காலநிலை. இண்டைக்கு இரவு மைனஸ் பத்தாம்,” என்றது சோபாவில் ஒரு குரல்.

கமலாம்பிகை கையை எடுத்தாள். கண்ணாடி ஏற்கெனவே சில்லிட்டிருந்தது.

கராஜில் நிற்கும், புருசன் மகேஸ்வரனின் பழைய மொறிஸ் மைனர் காரை அந்தத் தெரு ‘மற்றப் பெண்சாதி’ என்றுதான் சொல்லும். கமலாம்பிகைக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. அவளே வாய் ஓயாமல் சொன்னது. ஆனால் வருசா வருசம் குளிருக்கு முதல் காரைப் படுக்கப் போடும் நாளில் கராஜ் கதவு பூட்டியிருக்கும். ஓயில் மாற்றும்போதும், பற்றரியைக் கழற்றும்போதும், எலி போகாமல் புகைக்குழாய்க்குள் பழைய சொக்ஸ் அடைக்கும்போதும் உள்ளே ரோச் வெளிச்சம் பிடித்தது யாரென்று பாலேஸ்வரிக்கே தெரியாது. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்ததே பெரிய விசயம்.

இந்த முறையும் மகேஸ்வரன் எஞ்சினில் இருந்த, குளிரில் உறையாத பழைய கூலன்றைத் திறந்துவிட்டு, கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர் நிரப்பினார். “நாளைக்குப் புதுக் கூலன்ற் விடுவம். இப்ப தேத்தண்ணி ஒண்டு தாருமப்பா,” என்று வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் மனுசன் கதிரையிலேயே போய்விட்டார். அவர் ஊற்றிய தண்ணீர் இன்னும் எஞ்சினுக்குள் நின்றது. உறைந்தால் இரும்பைப் பிளந்துவிடும்.

“தம்பி, ரோச்சை எடுத்துக்கொண்டு கராஜுக்கு வா.”

மிசிசாகாவிலிருந்து வந்திருந்த மகன் வாகீசன் சபையைப் பார்த்தான். “இப்பவா? அம்மா, ஆக்கள் இருக்கினம்.”

“காருக்குள்ள பச்சைத் தண்ணி நிக்குது. எஞ்சின் வெடிச்சிடும்.”

“அதை வில்லுங்கோ எண்டு நீங்கள்தானே அப்பாவோட ஒவ்வொரு நாளும் சண்டை?”

“அது அவரோட. நீ ரோச்சை எடு.”

பாலேஸ்வரி குறுக்கே வந்தாள். “அக்கா, செத்தவீட்டு நாளில உதென்ன வேலை? சனம் என்ன கதைக்கும்?”

“அதை நீர்தானே கதைக்கப் போறீர், பாலேஸ். தண்ணி பிடிக்க அந்தச் சிவப்புப் பிளாஸ்ரிக் பேசினை ஒருக்கா எடுத்துத் தாரும்.”

பாலேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். பின்னாலேயே போகாமல் இருக்க அவளால் முடியுமா?

றேடியேற்றருக்குக் கீழே இருந்த திருகைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. “முடிஞ்சுதே?” என்றான் வாகீசன்.

“இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில இன்னொண்டு இருக்கு. இரும்புக் கறள் அடைச்சுக்கொண்டு நிக்கும்.”

குளித்து உடுத்த வெள்ளைச் சேலையோடு கமலாம்பிகை சீமெந்துத் தரையில் சரிந்து படுத்தாள். கொண்டையில் இருந்த ஊசியை இழுத்து, அடைபட்ட திருகின் துளைக்குள் குத்தினாள். கூந்தல் அவிழ்ந்து ஓயில் கறைமேல் விழுந்தது. வாகீசன் பிடித்த வெளிச்சம் அலைந்தது.

“லைற்றை ஆட்டாதை! எத்தினை தரம் சொல்லுறது?”

வாகீசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் அப்பாவின் பேச்சு. கமலாம்பிகையும் ஒரு கணம் ஊசியோடு அப்படியே கிடந்தாள். பிறகு கறள் விலகித் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. சொட்டுச் சொட்டாகி நிற்கும்வரை அவள் எழும்பவில்லை.

வாகீசன் தளும்பத் தளும்பப் பேசினை வாசலுக்குத் தூக்கிப் போனான். “ஊத்தட்டா?”

“வேண்டாம். அதிலயே இருக்கட்டும்.”

விடிய, பாலேஸ்வரி புட்டும் சம்பலும் கொண்டு வந்தபோது கமலாம்பிகை மகேஸ்வரனின் குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பேசின் விளிம்பிலிருந்து அடிவரை வெடித்திருந்தது. உள்ளே தண்ணீர் நடுவில் புடைத்து, கறள் நிறத்தில், உடையாத ஒரே கட்டியாக நின்றது.

பாலேஸ்வரி புட்டுப் பாத்திரத்தை வாசற்படியில் வைத்தாள்.

கமலாம்பிகை குனிந்தாள். பேசினிலிருந்து உடைந்து கிடந்த சிவப்புச் சில்லை எடுத்து, அது இருந்த இடத்திலேயே பொருத்தி, விழாமல் கையால் பிடித்துக்கொண்டாள்.