பூட்டி வைத்த காட்சி

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் மாடியில் மோகனப்பிரியாவும் தனபாலும் கூட்டாக வீடியோ கேம் கம்பெனி நடத்தினார்கள். அவர்களுடைய ரேக்ளா பந்தய விளையாட்டு பிள்ளைகளிடையே சக்கைப்போடு போட்டது. அதற்குள் ஆபாசக் காட்சி ஒளிந்திருப்பதாகப் போத்தனூரிலிருந்து ஒரு தகப்பனார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். எங்கே, என்ன காட்சி என்ற விவரமில்லை. மோகனப்பிரியாவின் சந்தேகம் நேரே ரவிதேஜா மேல் விழுந்தது. அந்த விளையாட்டுக்கு நிரல் எழுதிவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனவன் அவன்.

போனில் கேட்டேவிட்டாள்.

“நீங்களே என்னை இப்படிக் கேக்கறீங்களாக்கா?” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்தக் குரல் அவளை உறுத்தியது.

அவர்களுடைய வக்கீல் கீதா சுற்றி வளைக்காமல் சொன்னார். “செஞ்சது யாரா வேணா இருக்கட்டுங்க. சின்னப் பிள்ளைகளும் ஆடலாம்னு உறுதி குடுத்து வித்தது நீங்க ரெண்டு பேரு. கோர்ட்டுல மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க.”

திரும்பும் வழியில் தனபால் காரை ஓட்டியபடியே தைரியம் சொன்னான். “பயப்படாத அம்மணி. ரவிதேஜாதான் செஞ்சான்னு எழுதிக் குடுத்துப்போடலாம். அதுவுமில்லாம, அது பூட்டித்தான கெடந்துச்சு? கேம்ல காளை குளிப்பாட்டற கொளத்துக்குப் பின்னால நோண்டித் தொறந்தவன் மேலதான் தப்பு.”

மோகனப்பிரியா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

“கொளத்துக்குப் பின்னாலன்னு உங்களுக்கு எப்படிங்ண்ணா தெரியும்?”

தனபால் வண்டியை ஓரங்கட்டினான்.

“வெளிநாட்டுல விக்கறதுக்குன்னு ஒருத்தன் அப்படியொரு காட்சி கேட்டான். செஞ்சேன். பேச்சு முறிஞ்சுபோச்சு. எடுத்தா மத்தது கெட்டுப்போகும்னு பூட்டிப்போட்டேன். யாரு பாக்கப்போறாங்கன்னு நெனச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“சொன்னா உட்டிருப்பியா?”

அவள் இறங்கி பஸ் பிடித்தாள். அன்றைக்கே விளையாட்டை விற்பனையிலிருந்து எடுத்தாள். கீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“உண்மையைச் சொன்னாலும் உங்க பொறுப்பு போயிராதுங்க,” என்றார் கீதா.

“தெரியுமுங்க. ஆனா செய்யாதவன் மேல பழி போட மாட்டேன்.”

ரவிதேஜாவைப் பலமுறை கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று செய்தி அனுப்பினாள். பதில் இல்லை.

ஆனால் வழக்கின் முதல் வாய்தாவுக்கு, அவள் தரப்பில் சாட்சி சொல்லத் தயாரென்று அவனாகவே வந்திருந்தான். அவளைப் பார்த்துத் தலையசைத்தான். பக்கத்தில் வந்து உட்காரவில்லை.