பன்னிரண்டுக்குப் பூஜ்யம்

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஐம்பத்திரண்டுக்கு மூன்று என்று ஜெயித்த கையோடு, எங்கள் மில்டன் க்ரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தெறியும் வேட் ஹாலிங்கர் மைதானத்துக்குள் இரண்டு விரற்கடை புதைந்தான். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது, தரை கல்லாக இருந்தது. திங்கட்கிழமை ட்வைட் வந்து இரண்டு தடங்களிலும் மணல் கொட்டி மூடினார். மைதானத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வேடுக்கு வயது பத்தொன்பது. அணியில் பாதிப் பேர் அவனைப்போலப் போன வருடம்வரை பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். எதிரே ஆடியது, அடி வாங்கிப் போவதற்கென்றே கூப்பிடப்பட்ட ஒரு சின்னக் கல்லூரி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. இருபத்தேழு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஊர், ஒரு வாரம் பேசாமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

வெர்ன் ஆஸ்ட்ரேண்டரின் விதைக்கடைச் சுவரில் ஆகஸ்ட் மாதம் ஆளுக்கொரு அட்டை குத்துவது எங்கள் வழக்கம். பன்னிரண்டு ஆட்டங்களில் எத்தனை ஜெயிப்போம், எத்தனை தோற்போம் என்று எழுத வேண்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏற்றி எழுதலாம். இறக்கக் கூடாது, எடுக்கவும் கூடாது. எடுத்தவர் அந்தப் பருவம் முழுக்க எதிரணி ஆட்களோடுதான் உட்கார வேண்டும். 1988-இல் ஒரு பல் மருத்துவர் எடுத்தார், அடுத்த வசந்தத்தில் ஊரையே காலி செய்துவிட்டார். அந்த ஆகஸ்டில் பெரும்பாலோர் ஐந்து, ஆறு என்றுதான் எழுதியிருந்தார்கள். முதல் ஆட்டம் முடிந்த மறுநாள், தேவாலயத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து வரிசையில் நின்று, எல்லோரும் பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்று மாற்றினார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் வேட் கணுக்கால்வரை புதைந்தான், மூன்றாவதில் முழங்கால்வரை. இரண்டிலும் ஜெயித்தோம். அவனை யாராலும் கீழே தள்ள முடியவில்லை, நட்ட கம்பமாக நின்றபடி எறிந்தான். பயிற்சியாளரின் புதுத் தந்திரம் இது என்று வறுத்த சோளமும் சாசேஜும் தின்றுகொண்டே பேசிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ட்வைட் மண்வெட்டியோடு போய் அவனைத் தோண்டி எடுப்பார். சின்ன வயதிலிருந்தே அவன் கனமாக நடக்கிறவன்தான், வீட்டு மாடிப்படி அவன் ஏறும்போது முனகும். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது ஆட்டம் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு. அவர்களிடம் நூற்றைம்பது கிலோ ஆட்கள் நான்கு பேர். வேடின் அம்மா லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வியாழக்கிழமை மதியம் பேருந்தை விதைக்கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"யாராவது உங்க அட்டையில ரெண்டு ஆட்டத்தையாவது தோக்க விடுங்களேன்யா. கால் மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கிறப்ப அந்தத் தடியனுங்க வந்து மோதினா, முட்டி ரெண்டா போயிடும்."

"அட நீ ஒண்ணு, லோர்னா! புதைஞ்சு நிக்கிறவனை எவன் சாய்ப்பான்? நாங்க ஜனவரி இறுதி ஆட்டத்துக்கு ஹோட்டல் ரூமே போட்டாச்சு. நம்ம பையனாச்சே!" என்றார் ஒருவர்.

"நம்ம பையனா? சனிக்கிழமை மட்டும் உங்க பையன். ஞாயித்துக்கிழமை ஐஸ் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது நான்."

வெர்ன் விதை அளப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "இவங்க எல்லாம் இந்த மாசம்தான் ஏத்தினாங்கம்மா. மேல் வரிசையில மொத அட்டையைப் பாரு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி, கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னது யாரு?"

அது லோர்னாவின் கையெழுத்து. பன்னிரண்டுக்குப் பூஜ்யம், கீழே இரண்டு கோடு. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. பிறகு ஊசியைப் பிடுங்கி, அட்டையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேருந்தை எடுத்துக்கொண்டு போனாள். அதே நேரம் பயிற்சி மைதானத்தில் முழங்கால்வரை புதைந்து நின்றிருந்த வேட் கணுக்கால்வரை மேலே வந்ததாகவும், தடுமாறி விழுந்து, விழுந்ததற்குச் சிரித்ததாகவும் ட்வைட் சொன்னார். மற்ற முந்நூறு அட்டைகளும் சுவரிலேயே இருந்தன.

சனிக்கிழமை லோர்னா எதிரணிப் பக்கத்தில், சிவப்புத் தொப்பிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவர் வேர்க்கடலை நீட்டினார், வாங்கிக்கொண்டாள். முப்பத்தொன்றுக்குப் பதினேழு என்று தோற்றோம். வேடைப் பதினோரு முறை தள்ளினார்கள். பதினோரு முறையும் அவன் கால் மண்ணில் மாட்டாமல் முழுசாக விழுந்தான், பதினோரு முறையும் எழுந்தான். ஒவ்வொரு முறையும் லோர்னா விரல் விட்டு எண்ணினாள். சத்தம் போட்டு அழுதாள் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பருவம் ஏழுக்கு ஐந்தில் முடிந்தது, ஹோட்டல் அறைகளுக்கு வேறு யாரோ போனார்கள்.

வேட் படித்து முடித்துப் போய் எட்டு வருடமாகிறது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் செப்டம்பரில் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை புதையத்தான் செய்கிறார்கள். திங்கட்கிழமை ட்வைட் மணல் கொட்டுகிறார். ஆடுகிற பையன்களின் அம்மாக்கள் மட்டும் ஆகஸ்டில் அட்டை எழுதுவதில்லை. எதிரணிப் பக்கத்தில் கீழ் வரிசையை அவர்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறோம்.