குழாய் டாக்டரின் கற்பூரவல்லி

என் மச்சான் பிளம்பர். நான் மருந்துக்கடைக்காரன். ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் என் கடை, மூன்றாம் மாடியில் நானும் மனைவியும் மகளும் இருக்கும் வீடு, அதற்கு மேலே மொட்டை மாடியில் அவன் ராஜ்ஜியம். மனைவியின் தம்பி என்பதால் யாரும் வாடகை கேட்பதில்லை. வேலைக்குப் போகிற இடங்களில் கழற்றிப் போடுகிற கைகழுவும் தொட்டி, விரிசல் விட்ட ஃப்ளஷ் டேங்க், ஓரம் உடைந்த குளியல் தொட்டி என்று எதையும் விடமாட்டான். மூச்சு வாங்க மேலே தூக்கிக்கொண்டு வந்து, மண்ணை நிரப்பி, செடி வைத்துவிடுவான். ஒன்றிலும் தண்ணீர் தேங்காது. வடிகால்தானே அவன் தொழில்.

தொட்டியில் துளசி, டேங்கில் தூதுவளை, குளியல் தொட்டி முழுக்கக் கற்பூரவல்லி. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு நொச்சி. கட்டடத்தில் யாருக்கு மூக்கடைத்தாலும், என் கடையைத் தாண்டித்தான் படியேறி அவனிடம் போவார்கள். 'குழாய் டாக்டர்' என்று பெயர் வைத்தவன் நான். கிண்டலுக்கு வைத்த பெயர் மரியாதையாக ஒட்டிக்கொண்டதில் எனக்கு வயிற்றெரிச்சல். அதற்கும் அவனிடம் ஏதாவது இலை இருந்திருக்கும், நான் கேட்கவில்லை.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவன் கொடுத்த இலை வேலை செய்தது. இரண்டாம் மாடித் தையல்காரம்மா தும்மித் தும்மி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது, நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கச் சொன்னான். மதியமே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய வாத்தியார் தூதுவளைச் சாற்றை மூன்று நாள் குடித்துவிட்டு மறுபடி கத்தப் போனார். இலை மட்டும்தான் காரணமா என்று கேட்டால், "ரெஸ்ட் எடுத்ததும் சேத்துதான்" என்பான். பெருமையைக் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மம்.

ஆனால் ஆளைப் பார்க்காமல் ஓர் இலையைக்கூடக் கிள்ளமாட்டான். அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பான். கைக்குழந்தை என்றால் ஒரு வயது முடிந்ததா என்பான். முடியாவிட்டால் தேன் கூடாது. வருகிறவர்களில் கால்வாசிப் பேரை வெறுங்கையோடு டாக்டரிடம் அனுப்பிவிடுவான். இலையை வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்வது என்ன வைத்தியம் என்று நான் கடையில் உட்கார்ந்து சிரிப்பேன். என்னிடம் அந்தத் தொல்லையே கிடையாது. 'இரு' என்று வாயைத் திறந்தால் போதும், 'மல்' வருவதற்குள் பாட்டில் மேசைமேல் இருக்கும்.

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. அவளுக்கு இருமல் வந்தது. நான் இருக்கும்போது இலை எதற்கு என்று, கடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் போய் வேளைக்கு அரை மூடி கொடுத்தேன். தூக்கம் வரவழைக்கும் மருந்து அது. நன்றாகத் தூங்கினாள், இருமலும் அடங்கியது. மூன்று நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

நான்காம் நாள் மதியம் பால் குடிக்க மறுத்தாள். நெற்றி சுட்டது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேலே போய்த் தம்பியிடம் நாலு கற்பூரவல்லி இலை வாங்கி வரச் சொன்னாள். வேண்டா வெறுப்பாகப் போனேன். மச்சான் ஒரு குழாயை மடியில் வைத்து அதன் மரையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். செடிப்பக்கம் போகாமல் படிப்பக்கம் போனான்.

"பாப்பாவை ஒரு தடவை பாத்துடறேன் மாமா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொந்த அக்கா மகளுக்கு நாலு இலை கொடுக்க இன்டர்வியூ வைக்க வேண்டுமா என்று படி முழுக்கத் திட்டிக்கொண்டே இறங்கினேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவின் தோளில் தூங்கிய குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினான். சட்டையை மேலே தூக்கினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினான். ஒரு நிமிடம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினான். நான் ஏதோ கேலி சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

"நிமிஷத்துக்கு அறுபத்திரெண்டு மூச்சு. நாப்பதைத் தாண்டக் கூடாது" என்றான். பிறகு விரலால் காட்டினான். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலா எலும்புக்குக் கீழே சதை குழிந்து உள்ளே போய்வந்தது. பன்னிரண்டு வருடமாக மருந்து விற்கிறவன் நான். மூன்று நாளில் ஒரு தடவைகூட என் மகளின் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"இதுக்கு எங்கிட்ட இலை இல்ல மாமா. உங்க கடையிலயும் மருந்து இல்ல. கிளம்புங்க."

அவன் வேனிலேயே போனோம். குழாய்களுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவில் மனைவி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் மூச்சு நின்றுவிடக் கூடாதே என்பதைத் தவிர என் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

நிமோனியா என்றார்கள். ஆக்ஸிஜன் வைத்து ஊசி போட்டார்கள். மாலையில் விலாவின் அந்தக் குழி மெல்லக் குறைந்தது. கண்ணைத் திறந்து, மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். மனைவி அப்போதுதான் அழுதாள்.

டாக்டரம்மா என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இந்த வயதுக்கு அதைக் கொடுக்கவே கூடாது, அது நோயைத் தீர்க்கவில்லை, குழந்தையைத்தான் அடக்கியது என்றார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். மூச்சை எண்ணியது யார் என்று விசாரித்தார். கதவோரம் வேலைக் கால்சட்டையோடு நின்ற மச்சானைக் காட்டினேன்.

"நீங்க நர்ஸா?"

"பிளம்பர்ங்க." கூச்சத்தில் நெளிந்தான். "போன வருஷம் ஒரு ஹெல்த் சென்டர்ல குழாய் மாத்தப் போனேன். எதிர் சுவத்துல ஒரு படம் ஒட்டியிருந்தாங்க. குழந்தைக்கு மூச்சு எத்தனை இருக்கணும், நெஞ்சு உள்ள இழுத்தா என்ன செய்யணும்னு. மூணு நாள் அங்கதான் வேலை. படிக்க வேற ஒண்ணும் இல்ல."

அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பல பேரின் நெஞ்சுச்சளியைக் கரைத்த கை அது. அந்தக் கைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

டாக்டரம்மா சிரித்தார். அந்தப் படத்தை எல்லா மருந்துக்கடைகளுக்கும் அனுப்பியிருந்தார்களாம், ஒட்டினார்களோ என்னவோ என்றார்.

"எங்க கடையிலயும் ஒட்டியிருக்கு" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மனைவி நிமிர்ந்தாள். "எங்க? நான் பாத்ததே இல்லையே."

பொய் சொல்லியிருக்கலாம். மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருமல் மருந்து போஸ்டர் ஒண்ணு இருக்கே, குழந்தை சிரிக்கிற மாதிரி" என்றேன். "அதுக்கு அடியில மறைஞ்சிருக்கு."