கழிமுகத்துக்குத் தெற்கே

1987ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த ஞானமதி, அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மரக்காணம் பஸ்ஸில் ஏறினாள். தம்பி சாந்திராஜ் காணாமல்போன வழியை ஒருமுறையாவது முழுவதும் நடந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

சாந்திராஜுக்கு நடப்பதுதான் பொழுதுபோக்கு. ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ்ஸில் மரக்காணம் போவான். உப்பளத்தைத் தாண்டிக் கடற்கரையில் இறங்கி, மணல்மேடுகளின் மேலேயே தெற்கு நோக்கி மூன்று மணி நேரம் நடப்பான். பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளையும் முந்திரித் தோப்புகளையும் ஊடறுத்து மேற்கே வந்து ரோட்டில் பஸ் பிடிப்பான். பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பான். இருட்டிய பிறகு சாப்பிடாத சமண வீடு அது. மகன் வந்து உட்காராமல் அம்மா ராஜமதி சாப்பாட்டைத் தொடமாட்டாள்.

ஞானமதியும் இரண்டு மூன்று முறை உப்பளம் வரை அவனோடு போயிருக்கிறாள். 1984 நவம்பரில் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டான். ஒரு வாரமாகப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. “சேறும் சகதியுமா இருக்கும், நீ போ” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவன் திரும்பி வரவில்லை.

தாய்மாமன் அவன் போட்டோவை எடுத்துக்கொண்டு கடற்கரைக் குப்பங்களில் எல்லாம் விசாரித்தார். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். அவன் அதிகம் பேசாதவன்; இரண்டு பெண்களை வேண்டாமென்று சொல்லியிருந்தான். துறவுதான் போயிருப்பான் என்று மாமா ஒரு நாள் சொன்னார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சமண மடம் இருக்கும் மேல்சித்தாமூருக்கு முனிவர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். போன தை மாதம், பெண்கள் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தும், வடக்கேயிருந்து வந்த இளம் முனிவர் ஒருவரின் காலைப் பிடித்துக்கொண்டு “சாந்தி, சாந்தி” என்று கதறினாள். நாலு பேர் சேர்ந்து பிரித்தெடுத்தார்கள். அன்றைக்குத்தான் ஞானமதி முடிவு செய்தாள்.

மரக்காணத்தில் இறங்கும்போது மணி எட்டரை. உப்பளங்களில் குவித்த உப்பு கண்ணைக் கூசவைத்தது. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்ததும் காற்றின் இரைச்சல் மாறியது. யாரோ தூரத்தில் ஓயாமல் மூச்சு விடுவதைப் போல இருந்தது. தோப்பைத் தாண்டியதும் முதல் மணல்மேடு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். கொடிகளில் ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. இடது கைப்பக்கம் கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆள் இல்லை.

பயமாக இல்லை. ஒன்றரை மணி நேரம் நடந்தபின்தான் ஒன்றைக் கவனித்தாள். அவள் நின்றால், சற்றுப் பின்னால் மணல் சரியும் ஓசையும் நின்றது. நடந்தால் அதுவும் தொடர்ந்தது. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

கழிமுகம் வந்தது. உள்ளேயிருக்கும் கழி கடலோடு சேரும் இடம். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். இப்போது வாயை மணல் அடைத்துப் பாதை போல் கிடந்தது. ஈரமணலில் நடந்து அக்கரை சேர்ந்து, தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

ஈரமணலில் இரண்டு வரிசைக் காலடிகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அதைவிடப் பெரியது. அதன் வலது பாதம் ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கமாகத் திரும்பிப் பதிந்திருந்தது. பத்து வயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்தபின் சாந்திராஜ் அப்படித்தான் காலை வைப்பான். அவனைக் கேலி செய்ய அவளே அப்படி நடந்து காட்டியிருக்கிறாள். அந்தக் காலடிகள் அவள் கூடவே வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தன.

பாட்டில் கையிலிருந்து விழுந்தது. “சாந்தி” என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடாமலே எழுந்து ஓடினாள்.

தெற்கே பத்துப் பதினைந்து குடிசைகள் இருந்த ஒரு குப்பம். அதன் ஓரத்தில், மணலைத் தோண்டி எடுத்த ஊற்று. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் வீரம்மாள். மூச்சு வாங்க வந்து நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“கூட வந்தாரே, அவரு எங்கம்மா?”

“யாரு? நான் தனியாத்தான் வந்தேன்.”

“மேட்டு மேல ஏறும்போது உங்க பின்னாலயே வந்துக்கினு இருந்தாரே. கட்டம் போட்ட சட்டை. கையில பை.”

வீரம்மாள் பாதியில் பேச்சை நிறுத்தினாள். ஞானமதியின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நெற்றி, ஒரே கண்.

“நீங்க அவருக்கு இன்னா வேணும்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“யாருக்கு?”

“தண்ணி வடிகட்டிக் குடிப்பாரே, அவருக்கு. துண்ட நாலா மடிச்சி சொம்பு மேல போட்டு வடிகட்டுவாரு. அப்பால துண்டுல தங்குனத மறுபடி ஊத்துலயே வுட்டுடுவாரு. அதுல உசுரு இருக்குமாமே.”

ஞானமதி மணலில் உட்கார்ந்துவிட்டாள். “என் தம்பி” என்றாள். “எங்க இருக்கான்?”

வீரம்மாள் குடிசைப் பக்கம் திரும்பித் தன் புருஷனைக் கூப்பிட்டாள். ராஜாங்கம் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கழிமுகத்தின் பக்கம் கையைக் காட்டிச் சொன்னான்.

“அன்னிக்கி மழைத்தண்ணி மொத்தமும் எறங்கி, கழிமுகம் ஒடச்சிக்கினு போச்சு. உங்க தம்பி அந்தாண்டக் கரையில நின்னுக்கினு இருந்தாரு. எறங்காதீங்க, திரும்பிப் போங்கன்னு கத்துனேன். ‘பொழுதோட ஊட்டுக்குப் போகணும், அம்மா சாப்புடாம இருப்பாங்க’ன்னு சொல்லிக்கினே காலை வச்சாரு. நான் கட்டுமரத்தத் தள்றதுக்குள்ள ஆளு இல்ல.”

மூன்றாம் நாள் காலையில் கரையில் கிடந்தான். அதற்கு முந்தைய வருடம் வேறொரு பிணம் ஒதுங்கியதைப் போய்ச் சொன்னதற்காகக் குப்பத்து ஆண்கள் நாலு பேரை ஸ்டேஷனில் உட்காரவைத்து அடித்திருந்தார்கள். மறுபடியும் பேஜாரு வேண்டாமென்று, யாரிடமும் சொல்லாமல், தாழம்புதருக்குப் பின்னால் மேட்டு மணலில் புதைத்துவிட்டார்கள்.

“உங்க மாமா போட்டோ எடுத்துக்கினு வந்து எங்கிட்டதான் கேட்டாரு. பார்த்ததில்லன்னு சொல்லிட்டேன். அதுலேந்து ஞாயித்துக்கெழம ஆனா உச்சி வெயில்ல வர்றாரு. ஊத்தாண்ட வந்து குனியறாரு. ஆனா குடிக்கறதில்லம்மா. எம்பொஞ்சாதி பார்த்திருக்கா, நானும் பார்த்திருக்கேன்.”

ஞானமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் மேல் கோபம் வரவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. தான் இழுத்து மூடிய போர்வைதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. தாழம்புதருக்குப் பின்னால் அவர்கள் காட்டிய இடத்தில் அடையாளம் ஒன்றும் இல்லை. காற்று மணலைச் சமன் செய்து வைத்திருந்தது. அங்கே கையை வைத்துக்கொண்டு, “கழிமுகம் வரைக்கும் வந்தும் உன்னப் பார்த்து ஓடிட்டேன்டா” என்று அழுதாள்.

அன்று மாலையே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ராஜமதி கத்தவில்லை, மயங்கி விழவில்லை. “பொய் சொல்றாங்க” என்று மட்டும் சொன்னாள். ஐந்து நாட்கள் மகளோடு பேசவில்லை. ஆறாம் நாள் வெள்ளைப் புடவை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள். ஞாயிறு காலை அதைக் கட்டிக்கொண்டு, “கெளம்பு” என்றாள்.

அறுபது வயதில் அவ்வளவு தூரம் மணலில் நடக்க முடியாது என்று, ஞானமதி அவளை ரோட்டில் இறக்கி, முந்திரித் தோப்பு வழியாகக் குப்பத்துக்குக் கூட்டிப் போனாள். ராஜாங்கம் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்து, ராஜமதியின் முன்னால் மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவள் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எந்தப் பக்கம் தலை வச்சீங்க?”

“தெக்காலம்மா.”

“சரி” என்றாள். பிறகுதான், “எழுந்திருப்பா” என்றாள்.

புதைத்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். கையோடு கொண்டுவந்த அரிசியை மணலில் போட்டு, உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியது. வீரம்மாள் ஓலைக்குடை ஒன்றைக் கொண்டுவந்து பிடித்தாள். போகலாம் என்று ஞானமதி இரண்டு தரம் கூப்பிட்டும் அம்மா அசையவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடல்காற்று நின்றது. குப்பத்து நாய் ஒன்று எழுந்து குடிசைக்குள் போயிற்று.

அப்போது ராஜமதியின் முகம் வடக்கே திரும்பியது. மேட்டின் உச்சியில் எதையோ பார்த்தாள். நடந்து வருகிற ஒருவரைப் பார்ப்பதுபோல அவள் தலை மெல்லத் திரும்பிக்கொண்டே வந்து, ஊற்றின் பக்கம் நின்றது. வீரம்மாளும் அங்கேதான் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஞானமதியும் பார்த்தாள். வெயிலும் மணலும்தான் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“ரொம்ப இளைச்சுப் போயிட்டான்” என்றாள்.

அதற்குப் பிறகு ராஜமதி எந்த முனிவரின் முகத்தையும் தேடிப் போகவில்லை. ஞானமதி மட்டும், அந்தக் கோடை முடிந்து மழை வந்து கழிமுகம் மறுபடி உடையும் வரை, ஒவ்வொரு ஞாயிறும் மரக்காணத்தில் இறங்கித் தெற்கே நடந்தாள். ஒவ்வொரு வாரமும் அக்கரையில் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பாள். ஈரமணலில் அவளுடைய காலடி மட்டுமே இருக்கும்.